மூன்றாம் மணி வீக்கம்

கோட்டுக்குக் கீழே மயிரிழை அளவுக்குத் தோல் தெரிந்தது. தெரிந்திருக்கக் கூடாது. எலியின் வலது பின்னங்கால் கணுவில் காலையில் முப்பிடாதியே கறுப்பு மார்க்கரால் போட்ட கோடு அது. அந்தக் கோட்டைப் பாதரசம் தொடுகிற வரைக்கும் காலை முக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, எட்டாங்கிளாஸ் பிள்ளைகூடச் செய்துவிடும். கால் உள்ளே எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு பாதரசம் பக்கத்துக் குழாயில் ஏறும், ஜாஸ்மின் குனிந்து எண்ணைப் படித்துச் சொல்லி எழுதிக்கொள்வாள். வீங்கின கால் என்றால் நிறைய ஏறும். வீக்கம் வடிந்த கால் என்றால் கம்மி. இரண்டாம் மணி நேரத்துக்கான கடைசி எலி இது, தலையில் மஞ்சள் சாயம் வைத்த எலி, இலைச்சாறு குடித்த கோஷ்டி. ஜாஸ்மின் எண்ணைச் சொல்லிவிட்டாள், "ஏட்டி, சூப்பரா எறங்கிருக்கு" என்றும் சொல்லிவிட்டாள், முப்பிடாதிக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பும் வந்துவிட்டது, சிரித்த வாயோடு குனிந்தபோதுதான் பார்த்தாள், கோட்டுக்கும் அந்தப் பளபளப்புக்கும் நடுவே ரோஸ் நிறத்தில் ஒரு இழை, முழுகாத இழை. பார்த்தவுடன் என்ன செய்தாள் என்றால், காலை வெளியே எடுத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் அழுத்தி, "இரு, மறுபடி பாரு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தண்ணீராக இருந்திருந்தால் ஈரம் எதுவரை என்று காட்டிக்கொடுத்திருக்கும். பாதரசம் எதிலும் ஒட்டாது. கால் உலர்ந்தே வெளியே வந்தது, எலி அவள் கைக்குள் ஒரு முறை துள்ளியது, கூண்டில் விட்டாள், மூடியைப் போட்டாள், எல்லாம் முடிந்துபோன மாதிரி இருந்தது.

முடியவில்லை. மூன்றாம் மணி நேரம் பாக்கி இருக்கிறது. மூன்றாம் மணி நேரத்தில்தான் வீக்கம் உச்சிக்கு ஏறும், வெளியிலிருந்து வருகிற பரீட்சகர் ஆய்வேட்டைப் புரட்டி நேராக அந்த எண்ணைத்தான் தேடுவார், மற்றதெல்லாம் அலங்காரம். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எலிகள் வைக்கிற அறையில் சும்மா உட்காருவது சுலபம் இல்லை. மரத்தூளும் மூத்திரமும் கலந்த வாடை மூக்கின் உள்பக்கம் படிந்துவிடும், ஏசி வேறு ஒரு பக்கம் உறுமும், ஜன்னல் கிடையாது. வெளியே நாலுவழிச் சாலையில் லாரி போனால் கண்ணாடிக் குழாயில் பாதரசம் லேசாக நடுங்கும். ஜாஸ்மின் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "பசிக்கு, வாட்டி, கேன்டீன்ல பரோட்டா தீந்துரும்" என்றாள். ஜாஸ்மினுக்கு வேறு ஆய்வு, மாத்திரை கரைகிற வேகத்தைப் பார்க்கிற ஆய்வு, எலி கிடையாது, கடி கிடையாது. இன்றைக்குச் சிநேகிதத்துக்காக வந்திருக்கிறாள். "நீ போ" என்றாள் முப்பிடாதி. "ஏன், ஒன் மாப்பிள்ளைங்கள விட்டுட்டு வர மனசில்லியோ?" என்று கூண்டுகளைக் காட்டினாள் ஜாஸ்மின். "ஆமா, அதுல ஒண்ணு ஒனக்குத்தான் பாத்து வச்சிருக்கேன், வால் நீளமானது." "சவத்த, நீயே வச்சுக்கோ." செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து போயிற்று. இந்தச் சமயத்தில் எப்படி வாய் தன்பாட்டுக்கு ஜோக் சொல்கிறது என்று முப்பிடாதிக்கு ஆச்சரியமாக இருந்தது. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கை. வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் மஞ்சள் சாயம், சோறு சாப்பிட்டால் கசக்கிற சாயம், ஒரு வாரத்துக்குப் போகாது. இந்தக் கைதான். ஒரே ஒரு தடவை நழுவியது. ஒரு தடவை எல்லாருக்கும் நழுவும். எலி என்ன பொம்மையா, அது இழுக்கும். அதுவும் பாதரசம் காலை மேலே தள்ளும், கனமான திரவம், எதைப் போட்டாலும் மிதக்க வைக்கப் பார்க்கும், அழுத்திப் பிடிக்காவிட்டால் ஒரு இழை மேலே வந்துவிடும். சரி, அப்படியென்றால் எல்லாக் காலையும்தானே தள்ளும். மஞ்சள் இல்லாத எலியின் காலையும் தள்ளியது, முதுகில் மஞ்சள் வைத்த எலியின் காலையும் தள்ளியது. அவற்றுக்கெல்லாம் பாதரசம் கோட்டைத் தொட்டதா? தொட்டது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, தொட்டது. அப்படியானால் தலையில் மஞ்சள் வைத்ததற்கு மட்டும் ஏன்.

இல்லை, இந்த யோசனையே வேண்டாம். அவள் எழுந்து முதல் கூண்டுக்குப் போனாள். ஒவ்வொரு கூண்டிலும் மூன்று எலி. ஒன்றுக்கு வெறும் தண்ணீர் கொடுத்தாயிற்று, அதன் மேல் சாயம் இல்லை. ஒன்றுக்குக் கடையில் விற்கிற வலி மாத்திரை, அதற்கு முதுகில் மஞ்சள். ஒன்றுக்குத் தழுதாழை இலைச்சாறு, அதற்குத் தலையில் மஞ்சள், ஏதோ சந்தனம் வைத்துக் கோயிலுக்குப் போய்வந்த மாதிரி. மூன்றுக்கும் காலடியில் கடற்பாசிப் பசை ஊசி, ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கப் போடுகிறார்களே அதே பசை, நாக்கில் பட்டால் இனிப்பு, தோலுக்கடியில் போனால் நெருப்பு. ஊசி குத்தின நேரத்திலிருந்து கால் பூரிக்கும். பிறகு எந்தக் கால் கம்மியாகப் பூரித்தது என்று பார்க்க வேண்டியது. ரொம்ப எளிமையான வேலை, ரொம்பக் கேவலமான வேலையும்கூட, ஒரு உயிரின் காலை வேண்டுமென்றே வீங்க வைத்துவிட்டு மணிக்கொரு தரம் அளக்கிறது. சரி, வேறு எப்படித்தான் மருந்து கண்டுபிடிப்பது. சாயமில்லாத எலி காலைத் தரையில் வைக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, நடுவே குனிந்து நக்கியது. முதுகு மஞ்சள் நாலு காலும் ஊன்றிப் போய்த் தண்ணீர்க் குழாயை உறிஞ்சியது. தலை மஞ்சள் மூலையில் இருந்தது. அதன் வலது காலை உடம்பு மறைத்திருந்தது. அது திரும்பட்டும் என்று நின்றாள். திரும்ப வேண்டாம் என்றும் இருந்தது. திரும்புவதற்குள் அடுத்த கூண்டுக்குப் போய்விட்டாள், அங்கேயும் அதே சங்கதி, தலை மஞ்சளைக் கடைசியாகப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். பிறகு, எலி நொண்டுவதெல்லாம் கணக்கில் வராது, கணக்கு பாதரசம் ஏறுவதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்டூலுக்குத் திரும்பிவிட்டாள்.

ஸ்டூல். அம்மா வேலை பார்க்கிற ஜவுளிக்கடையிலும் ஸ்டூல் உண்டு. நின்றுகொண்டே இருக்கிறவர்களுக்கு உட்கார ஏதாவது போட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு போட்டார்கள், போட்டுவிட்டு அதன்மேல் பட்டுப்புடவைப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். யாராவது பரிசோதிக்க வந்தால் பெட்டியை இறக்குவார்கள். அம்மா சந்திரா காலையில் போய் நின்றாள் என்றால் கடை ஷட்டர் பாதி இறங்குகிறபோதுதான் காலை அசைப்பாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வார் அழுந்தின இடம் பள்ளமாகவும் மிச்சம் எல்லாம் மேடாகவும் இருக்கும். சின்ன வயசில் முப்பிடாதிக்கு அது விளையாட்டு. கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தால் குழி விழும், குழி மெதுவாக நிரம்பும், நிரம்புகிற வரை மூச்சைப் பிடித்துக்கொள்வாள். "ஏளா, அது என்ன மாவா, பெசஞ்சு வெளையாட" என்று அம்மா திட்டுவாள், காலை மட்டும் இழுக்கமாட்டாள், அழுத்துவது இதமாக இருந்திருக்கும். தழுதாழையைப் பக்கத்து வீட்டு ராஜகனி அக்காதான் சொன்னாள், வேலியில் முளைக்கிறது, பறித்துக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் காலை வை என்று. வைத்தாள். வைத்த அன்றைக்கே, "அளந்து பாருளா" என்று தையல் டேப்பை நீட்டினாள். அளந்தாள். அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே அளந்தாள். டேப்பை லேசாக இழுத்துப் பிடித்தால் சதை உள்ளே போகும், எண் கம்மியாக வரும். "கொறஞ்சிருக்கும்மா." "எவ்ளோ?" "அர இஞ்சு." அம்மா அன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தோசை ஊற்றினாள். அதற்குப் பிறகு தினமும் டேப் இழுபட்டது. அப்போது அது ஏமாற்று என்றே தோன்றவில்லை, அம்மாவுக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி ஒரு பணிவிடை. ஆனால் இப்போது யோசித்தால் குளிர்கிறது. ஏனென்றால் ஆய்வுக்கு எந்தச் செடி என்று குமாரதாஸ் சார் கேட்டபோது, அவள் பட்டென்று, "தழுதாழை சார், வீக்கத்துக்கு நல்லாக் கேக்கும், நானே பாத்திருக்கேன்" என்றாள். நானே பாத்திருக்கேன். எதைப் பார்த்தாள்? தான் இழுத்த டேப்பைப் பார்த்தாள். அந்தக் கால் உண்மையிலேயே எத்தனை இஞ்சு என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அம்மாவோ கடை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், எம் பொண்ணு இந்த எலைய மாத்திரையாக்கப் போறா, ஒங்க எல்லாருக்கும் கால் வலி போயிரும் என்று. நேற்று போனில்கூட, புடவை எடுக்க வந்த ஒரு டாக்டரம்மாவிடம் சொன்னேன், அவங்க ஆச்சரியப்பட்டுப்போனாங்க என்றாள். அந்த டாக்டரம்மா புடவை எடுத்தார்களா என்று கேட்டதற்கு, "அது எடுக்கல, போத்திப் பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

முதல் மணி நேரத்தை நினைத்தாள். முதல் மணி நேரத்திலும் இலை எலிகளுக்கு எண் கம்மியாகத்தான் வந்தது, அழகாக, மாத்திரைக்கு ஒரு படி மேலே, தண்ணீருக்கு ரெண்டு படி கீழே. அப்போது கோட்டைப் பார்த்தாளா? பார்த்தாள். பார்த்த மாதிரி இருக்கிறது. பார்த்தாள் என்று சத்தியம் பண்ண முடியுமா என்றால் முடியாது. ஒவ்வொரு எலியாக மனசில் எடுத்து முக்கினாள். துண்டில் சுருட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, கால் தொங்க, உள்ளே இறக்கி. தலை வெளியே. தலையில் மஞ்சள். அங்கேதான் யோசனை சிக்கியது, சிக்கி அங்கேயே நின்றது. துண்டுக்கு வெளியே தலை தெரிகிறது, தலையில் மஞ்சள் தெரிகிறது, கை காலை இறக்குவதற்கு முன்னாலேயே இது எந்தக் கோஷ்டி என்று கண் சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகு கை சும்மா இருக்குமா. கை என்ன கல்லா. அம்மா முகத்தைப் பார்த்த கைதானே இது. தண்ணீர் குடித்த எலி வந்தால், ஏறு, நல்லா ஏறு என்று அழுத்துகிறது. இலை குடித்த எலி வந்தால் பாதரசம் தள்ளுகிற தள்ளலுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், மனசுக்குத் தெரியாமல். தெரியாமலா? தெரியாமல்தான். தெரிந்து செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது, திருடன் என்று ஒரு பேர் வைத்துவிட்டுப் போய்விடலாம். இது திருட்டும் இல்லை, நேர்மையும் இல்லை. கோடு? காலையில் கோடு போடும்போதே இறக்கிப் போட்டாளோ? அதைக் கொஞ்ச நேரம் பிடித்துத் தொங்கினாள். கோடு எங்கே இருந்தாலும் காரியமில்லை, ஊசிக்கு முன்னால் ஒரு தடவை அதே கோடு வரை முக்கி அளந்தாயிற்று, இப்போது ஏறுவதிலிருந்து அதைக் கழிப்பதுதான் வீக்கம். கோட்டின் மேல் தப்பில்லை, அது அவளைத் தப்பிக்க விடவும் இல்லை. முக்குவதுதான். கைதான்.

இந்தக் கல்லூரி மருந்தியல் துறையில் இதுவரை பரிசோதித்த எந்த இலையும் வீக்கத்தைக் குறைக்காமல் விட்டதில்லை. அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அலமாரியில் கறுப்பு பைண்டு போட்ட ஆய்வேடுகள் வரிசையாக நிற்கின்றன, வேர், பட்டை, பூ, காய், எல்லாமே குறைத்திருக்கின்றன, எல்லாமே மாத்திரைக்கு ஒரு படி மேலே அடக்க ஒடுக்கமாக நிற்கின்றன, புது மருமகள் மாதிரி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற செடியெல்லாம் அவ்வளவு நல்ல செடியா? இல்லை, இத்தனை வருஷமாக முக்கின கைகள் எல்லாம் இவள் கை மாதிரியா? அப்படியானால் அவள் ஒருத்தி மட்டும் எதற்கு இங்கே உட்கார்ந்து நகத்தைக் கடிக்க வேண்டும், பேசாமல் போய்ப் பரோட்டா தின்னலாம். கடித்த நகம் கசந்தது. துப்பினாள்.

கதவு திறந்தது. குமாரதாஸ் சார், அவளுடைய வழிகாட்டி, கையில் சாவிக்கொத்தோடு. பின்னாலேயே ஜாஸ்மின், வாயில் இன்னும் எதையோ மென்றுகொண்டு. "என்னம்மா, எறங்குதா?" என்றார் சார். முப்பிடாதி வாயைத் திறப்பதற்குள் ஜாஸ்மின், "அருமையா எறங்குது சார்" என்று தாளை நீட்டினாள். சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார், தலையை ஆட்டினார். நல்ல மனுஷர்தான், வீட்டில் விசேஷம் என்றால் எல்லாருக்கும் அதிரசம் கொண்டுவருவார். "மூணாவது மணி நேரம்தான்மா உயிர்நாடி. அதுலயும் இதே மாதிரி வந்துட்டா கிராஃப் அப்படியே படிக்கட்டு மாதிரி நிக்கும். பரீட்சகர்ட்ட இப்பதான் போன்ல சொன்னேன், நம்ம புள்ள ஒரு நல்ல இலை பிடிச்சிருக்குன்னு." முப்பிடாதி ஆரம்பித்தாள். "சார், நான் முக்கும்போது." "ம்?" அவர் நெற்றியில் இருந்த கண்ணாடிக்கு வேறு கண் இருக்கிற மாதிரி அது அவளைப் பார்த்தது. "மெர்குரி மேல தூசி படிஞ்சிருக்கு சார்." "அதுக்கு என்ன, வடிகட்டிக்கோ. பாத்துப் பண்ணும்மா. கமிட்டி இன்னொரு வாட்டி எலி தராது, தெரியும்ல. இது போச்சுன்னா ஒனக்கு இந்த வருஷம் போச்சு." அதைத் திட்டாகச் சொல்லவில்லை, மழை வரும், குடை எடுத்துக்கோ என்கிற மாதிரி சொன்னார். சாவிக்கொத்து போய்விட்டது. ஜாஸ்மின் அவளையே பார்த்தாள். "மெர்குரில ஏதுட்டி தூசி?" "இருந்துச்சு." "மூதி, காலைலதான் ரெண்டு பேரும் வடிகட்டுனோம்."

இந்த வருஷம் போச்சு. போனால் என்ன என்று சொல்கிற வசதி அவளுக்கு இல்லை. இந்தப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போனால்தான் அம்மா அந்தக் கடையிலிருந்து இறங்கி உட்காருவாள், ஒரு வருஷம் தள்ளினால் ஒரு வருஷம் நிற்பாள், அதில் கவிதை எதுவும் இல்லை, கால்தான் இருக்கிறது. சரி, மூன்றாம் மணி நேரத்தில் ஒழுங்காக முக்குவது என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காக முக்கினால் என்ன ஆகும்? இலை வேலை செய்யவில்லை என்றால் எண் திடுதிப்பென்று ஏறும். முதல் மணியில் கம்மி, இரண்டாம் மணியில் கம்மி, மூன்றாம் மணியில் ஒரே தாவலாகத் தாவி நிற்கும். யார் பார்த்தாலும் கேட்பார்கள், இது என்ன என்று. இதுவரை நழுவினது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஆக இப்போது யோக்கியமாக இருந்தால்தான் அசிங்கம். இதே மாதிரி இழை இழையாக விட்டுக்கொடுத்துக்கொண்டு போனால் படிக்கட்டு மாதிரி நிற்கும். என்ன கணக்கு இது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பரவாயில்லை, அசிங்கப்பட்டால் பட்டுவிட்டுப் போகிறது, ஒழுங்காக முக்குகிறேன் என்று எழுந்து நின்றாள். நின்ற இடத்திலேயே அடுத்தது வந்தது. ஒழுங்காக என்றால் எவ்வளவு? இப்போது தெரிந்துபோயிற்றே. இனி தலை மஞ்சளைப் பார்த்தவுடன் கை பயந்துபோய் அழுத்தும், கோடு முழுகி அதற்கு மேலும் அழுத்தும், தன்னையே அடித்துக்கொள்கிற மாதிரி. அப்போது இலை பாவம். உண்மையிலேயே வேலை செய்கிற இலையாக இருந்தால்? ராஜகனி அக்கா சொன்னது நிஜமாக இருந்தால்? ஆசையாலும் பொய் வரும், பயத்தாலும் பொய் வரும். நடுவில் ஒரு கை இருக்கிறதா, ஆசையும் இல்லாமல் பயமும் இல்லாமல், அப்படி ஒரு கையை எங்கே போய் வாங்குவது. ஜாஸ்மினை முக்கச் சொல்லலாம். ஜாஸ்மினுக்கு எலியைத் தொட்டாலே உடம்பெல்லாம் ஆடும், எலியும் ஆடும், குழாயும் ஆடும். அதுவும் இல்லாமல் அவளும் இவளுக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் நினைப்பாள். நினைக்காத ஆள் இந்த அறையில் எலிகள்தான்.

"நேரமாச்சு" என்றாள் ஜாஸ்மின். முதல் கூண்டைத் தூக்கிக்கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். மூடியைத் திறந்தவுடன் தலை மஞ்சள் திரும்பியது. வலது கால் தெரிந்தது. தூக்கிப் பிடித்திருந்தது. தரையில் வைக்கவில்லை. சாயமில்லாத எலி தூக்கிப் பிடித்த அதே உயரத்தில் பிடித்திருந்தது. ஒரு எலியை வைத்து எதையும் சொல்ல முடியாது, அது பயந்தாங்கொள்ளி எலியாக இருக்கலாம். முப்பிடாதி துண்டை எடுத்தாள், எலியை அள்ளக் கை நீட்டினாள், தலையில் மஞ்சள், கை அந்தரத்தில் நின்றது. இப்போதே முடிவு பண்ணிவிட்டிருந்தது விரல், என்ன முடிவு என்று அவளுக்குத்தான் தெரியவில்லை. துண்டை ஜாஸ்மின் மடியில் போட்டாள்.

"நீ சுத்திக் குடு."

"என்னது?"

"எலியத் துண்டுல நீ சுத்து. தலைய மூடிச் சுத்து, மூச்சுக்கு மட்டும் எடம் விடு. முதுகும் தெரியக் கூடாது. வலது கால் மட்டும் வெளிய வரணும். எத மொதல்ல தரணும்னு நீயே பாத்துக்கோ, வரிசையாத் தராத. நான் செவத்தப் பாத்து நிப்பேன்."

"எனக்கு எலின்னாலே ஆகாதுன்னு ஒனக்குத் தெரியும்லா. கிறுக்கு பிடிச்சிட்டா?"

"ஆமா. சுத்து."

"நான்தானே நம்பரும் படிக்கேன். எனக்கு எது எதுன்னு தெரியுமே."

"தெரிஞ்சுக்கோ. முக்குறது நீ இல்லல்லா. குழாய்ல கோடு கோடாப் போட்டிருக்கு, அதுல ஒனக்கு விட்டுக்கொடுக்க ஒண்ணும் இல்ல."

ஜாஸ்மின் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்ப முன்னாடி எடுத்ததெல்லாம்?" என்றாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. முப்பிடாதி சுவரைப் பார்த்தபடி நின்றாள். சுவரில் சுண்ணாம்பு பொருக்கு விட்டிருந்தது. "அதுக்குப் பக்கத்துல எழுது, எது எதுன்னு தெரிஞ்சே முக்குனதுன்னு. சார்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்." "சொல்லுவியா?" "முக்கி முடிச்ச ஒடனே போவேன். நாளைக்குன்னா சொல்லமாட்டேன்."

பின்னால் சரசரப்பு, கீச், "எம்மா, எம்மா, இது என்னட்டி இப்பிடி நெளியுது" என்று ஜாஸ்மின், ஒரு அதட்டல், ஒரு கெட்ட வார்த்தை, பிறகு கையில் ஒரு துணிப்பொட்டலம் வந்தது. சூடாக இருந்தது. உள்ளே இதயம் பொரிகிற கடுகு மாதிரி அடித்தது. வெளியே ஒரே ஒரு கால், ரோஸ் பாதம், கணுவில் கறுப்புக் கோடு. யாருடைய கால் என்று பார்த்தாள். பாதத்தின் தடிமனை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று கண் போயிற்று, அடச் சீ என்று கண்ணைக் கோட்டுக்கு இழுத்தாள். கோடு. கோடு மட்டும். இறக்கினாள். பாதரசம் தள்ளியது. அழுத்தினாள். எதற்காக அழுத்துகிறோம் என்று கைக்குத் தெரியாததால் கை கொஞ்சம் தடுமாறியது, பிறகு அதுவே போய்க் கோட்டில் நின்றது. இழை தெரியவில்லை. கோடு மறையவும் இல்லை. "சொல்லு." ஜாஸ்மின் எண்ணைச் சொன்னாள். கம்மியான எண். யாராக இருக்கும் என்று நெஞ்சு ஒரு குதி குதித்தது, மாத்திரையாக இருக்கலாம், இலையாக இருக்கலாம், இலையாக இருக்கட்டும், முருகா இலையாக இருக்கட்டும், ஆனால் அந்தக் கும்பிடு இப்போது குழாயில் போய்ச் சேர வழி இல்லாமல் அவளுக்குள்ளேயே சுற்றியது. அடுத்த பொட்டலம். இறக்கினாள், அழுத்தினாள், கோடு. பெரிய எண். அடுத்தது. இறக்கினாள். இது முன்னதைவிடக் கூடுதலாகத் துள்ளியது, துள்ளல் அடங்குகிற வரை அந்தரத்தில் பிடித்திருந்து, பிறகு இறக்கினாள், அழுத்தினாள், கோடு. "சொல்லு."

ஜாஸ்மின் சொல்லவில்லை.

ஏசி உறுமுவதை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தது. முப்பிடாதி காலை அசைக்காமல் பிடித்திருந்தாள். கட்டைவிரலுக்கடியில் சின்ன எலும்பும் அதைச் சுற்றிப் பூரித்த சதையும் தெரிந்தன. "சொல்லுட்டி."

"இன்னொரு வாட்டி முக்குதியா?" என்றாள் ஜாஸ்மின். குரல் ரொம்ப அன்பாக இருந்தது. "நான் சரியாப் பாக்கல."

துண்டுக்குள் யார் இருக்கிறது என்று முப்பிடாதிக்குத் தெரிந்துவிட்டது. யாரும் துண்டை விலக்கவில்லை, மஞ்சள் எங்கேயும் தெரியவில்லை, அந்த அன்பு போதும். இன்னொரு வாட்டி முக்கலாம். சிநேகிதி கேட்கிறாள், சரியாகப் பார்க்கவில்லை என்கிறாள், யாருக்கும் அதில் குறை சொல்ல இடம் இல்லை. கை லேசாக ஒருமுறை மேலே போகப் பார்த்தது. பாதரசம் கீழிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது, இவ்வளவு நேரமும் தள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"நீ சரியாத்தான் பாத்தே" என்றாள். "கோடு தொட்டிருக்கு, குனிஞ்சு நீயே பாரு. நம்பரச் சொல்லு."

ஜாஸ்மின் குனிந்தாள். கோட்டைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். சொன்னாள். பெரிய எண், தண்ணீர் குடித்த எலிக்கு வந்த எண்ணுக்கு ஒரு பொட்டுதான் கம்மி.

"எழுதவா?"

"எழுது. அடுத்த கூண்டைக் கொண்டா."